ஊளையன்

மாகெனெவே பதினாறு வருஷமாக நரியை நரி என்று சொன்னதில்லை. அந்த மலைநாட்டுப் பேச்சில் நரிக்குப் போகோஜ்வே என்று பெயர். அவளுடைய மாமனார் பெயரும் போகோஜ்வேதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதே பெயரில் ஒரு பிராணி மலையெல்லாம் ஓடித் திரிந்தால் அதையும் சொல்லக்கூடாது. இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது, போட்டவன் யாருக்கும் மருமகளாக இருந்திருக்க மாட்டான்.

அவள் கல்யாணமாகி ஹா மொனாரே ஊருக்கு வந்த முதல் வருஷம், ஆடுகள் குட்டி போடும் மாதம். பட்டப்பகலில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு நரி வந்து மந்தையின் ஓரமாகப் படுத்துக் கிடந்தது. இவள் மேலே கல்சுவர் பக்கம் நின்று அதைப் பார்த்துவிட்டாள். ஆண்கள் கீழே ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். கத்த வேண்டும். என்னவென்று கத்துவது? அந்த வீட்டுப் பெண்கள் அதற்கு ‘ஊளையன்’ என்று வேறு பெயர் வைத்திருப்பதைப் புது மருமகளுக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. “அது வருது! அதோ, அது!” என்று கத்தினாள். “எது?” என்று கீழேயிருந்து கேட்டார்கள். “அதுதான், அது!” என்று மறுபடியும் கத்தினாள். இந்த எதுவுக்கும் அதுவுக்கும் நடுவில் இரண்டு குட்டிகள் போய்விட்டன. சாயங்காலம் மாமனார் வந்து, “உனக்கு வாயில்லையா?” என்று கேட்டார். கேட்டவர் போகோஜ்வே! அந்தக் கேள்வி அன்றைக்கு அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்ததுதான், அப்புறம் இறங்கவேயில்லை.

வாய்தவறிச் சொல்லிவிட்டால் தண்டம் உண்டு. ஒரு தடவை சொன்னால் ஒரு ஆடு. பக்கத்து வீட்டு மாதொகேலோ, மாமனாரின் தம்பி மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள், ஒரு கல்யாணத்தில் சோளப் பீர் குடித்துவிட்டு ஏதோ கதை சொல்லும்போது அந்தச் சொல்லைச் சொல்லித் தொலைத்தாள். மறுநாள் காலையில் நல்ல பெட்டையாடு ஒன்று போகோஜ்வேயின் தொழுவத்துக்குப் போனது. “அந்த ஆடு அப்புறம் பதினொரு குட்டி போட்டுச்சு. எல்லாம் என் வாயில பொறந்த குட்டிங்க” என்று மாதொகேலோ இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாகெனெவேயின் சொந்தப் பெயர் அதுவல்ல. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மருமகளுக்குப் புதுப்பெயர் வைப்பார்கள், பிறக்கப்போகும் குழந்தையின் அம்மா என்று. கெனெவே என்றால் ‘எனக்குக் கொடுத்தார்கள்’ என்று அர்த்தம். கெனெவேயின் அம்மா, மாகெனெவே. பதினாறு வருஷத்தில் கெனெவே வரவில்லை. புருஷன் மொஹாபி தங்கச் சுரங்கத்தில் வருஷத்துக்குப் பதினொரு மாதம் பூமிக்கடியில் கிடந்தால் குழந்தை எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்டதில்லை. வராத பிள்ளையின் பெயரால் ஊர் முழுக்க அவளைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அவளுடைய அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. மூன்று வயதிலேயே இவளைக் குதிரையில் தூக்கி வைத்துவிட்டார். ஓடுகிற குதிரை மேலிருந்து குண்டாந்தடியை வீசி முயலை அடிப்பாள். இரண்டு நாய்கள் வைத்திருந்தாள், சாம்பல் நிறத்து மொலோரா, காது கிழிந்த லெசோலே. முதலில் ஊரார் சிரித்தார்கள். அப்புறம் மந்தையில் நரி விழுந்தால் அவள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள். அவள் வீட்டுச் சுவரில் ஏழு நரித்தோல் தொங்கியது.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டிருந்தாள். இடுப்பளவு உயரத்துக்கு வட்டமாகக் கல் அடுக்கி, உள்ளே சாம்பலும் சாணமும் துருப்பிடித்த தகரமும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டுக் கட்டிய பாத்தி. காற்று அடித்தாலும் உறைபனி விழுந்தாலும் அதில் முட்டைக்கோஸ் நின்றது. அந்த உயரத்தில் வேறு யாருக்கும் கோஸ் வந்ததில்லை. மற்றவர்கள் ஓடைக்கரையில் காட்டுக்கீரை பறித்துச் சோளக் களியோடு தின்றார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே செலெமோ இருந்தாள். பழுப்புப் பெட்டைக்குதிரை, நெற்றியில் வெள்ளை. அவள் கதை கொஞ்சம் விசேஷமானது. மாகெனெவேயைக் கட்டிக்கொடுத்தபோது போகோஜ்வே பெண்ணுக்குப் பரிசமாக மாடுகளையும் பத்து ஆடுகளையும் ஒரு குதிரையையும் ஓட்டிக்கொண்டு போனார். அதுதான் முறை. அந்தக் குதிரை போய்ச் சேர்ந்த நாலாம் வருஷம் குட்டி போட்டது. அப்பா அந்தக் குட்டியை மகளிடம் கொண்டுவந்து, “உனக்காக வந்த குதிரையோட குட்டி. இது உன்னோடது, அந்த வீட்டோடது இல்ல” என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கயிற்றைக் கையில் கொடுத்தார். அடுத்த மாரியில் அவர் செத்துப்போனார்.

இதுவரை சொன்னது பழைய கதை. வழக்கு வந்தது இந்த ஆகஸ்ட் மாதம், அந்த நாட்டில் குளிர்காலத்தின் கடைசி.

அன்றைக்குக் காலையில் அவள் தோட்டத்தில் குனிந்து நின்று ஒரு கோஸ் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளில் நாலாவது கோஸ். முயல் என்று நினைத்து முதலில் கண்ணி வைத்தாள். முயல் தின்றால் தண்டில் பல் பதிந்திருக்கும், இலை சிதறிக் கிடக்கும். இந்தத் தண்டு கத்தியால் சீவியது போல் இருந்தது. கத்தியால் சீவியதுதான்.

“மருமகளே!”

போகோஜ்வே கல்சுவருக்கு வெளியே நின்றார். கம்பளியை இடது தோளில் குத்தியிருந்தார். தலையில் கூம்புத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். நல்ல உயரம், பார்த்தால் மரியாதை வரும் முகம். முகத்தைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

“வாங்க மாமா.”

“நேத்து என் பேர்க்காரன் இன்னொண்ணைத் தூக்கிட்டான்.” நரியை அவர் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார், சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். “இதோட அஞ்சு. அஞ்சும் உன் அடையாளம் போட்டது.”

“அஞ்சும் என்னோடதா? நாப்பது ஆடு ஒண்ணா மேயுது. ஊளையன் காதைத் திருப்பிப் பார்த்துட்டா தூக்குறான்?”

“அது உன் அதிர்ஷ்டம். நான் என்ன பண்ண?”

“எங்க தூக்கினான் மாமா? நான் போய்ப் பார்க்கிறேன்.”

“கணவாய்ப் பக்கம். பார்த்து என்ன கிழிச்சே? மூணு தடவை போனே. உன் நாய் ரெண்டும் தின்னு கொழுத்துக் கிடக்கு. குதிரையும் அப்படித்தான்.”

“மூணு தடவையும் ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ஒரு மயிர் இல்ல. ஊளையன் வயித்தைக் கிழிச்சு அங்கேயே தின்பான், குடலை இழுத்துப் போட்டுட்டுப் போவான். முக்காவாசி வளர்ந்த ஆட்டை அப்படியே முதுகுல போட்டுக்கிட்டா போவான்?”

“எனக்கு வேட்டை சொல்லித் தராதே. நான் நரியைப் பார்த்தது நீ பொறக்கிறதுக்கு முந்தி.” அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “இப்ப நான் வந்தது வேற விஷயம். உன் கொழுந்தன் லெபோனா கல்யாணம் அடுத்த மாசம். ஆடு, மாடெல்லாம் தயார். குதிரைதான் பாக்கி. செலெமோவைக் கொடுத்திரு.”

மாகெனெவே நிமிர்ந்தாள். கையில் இருந்த மண்வெட்டியை என்ன செய்வது என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை.

“செலெமோ என்னோடது மாமா.”

“என் குதிரை பெத்த குட்டி. என் ரத்தம் என் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கு. உங்க அப்பன் ஆசையா சொன்னான்னு ஆயிருமா? அப்படியே உன்னோடதுன்னு வச்சுக்க, நீ யாரு? நீ என் வீட்டு மருமக. உனக்கு என்ன பிள்ளையா குட்டியா, யாருக்குச் சேர்த்து வைக்கிறே?”

“லெபோனா சுரங்கத்துக்குப் போய் ஒரு குதிரை வாங்கட்டும்.”

“மொஹாபிக்கு எழுதியாச்சு. அவனும் சரின்னுட்டான்.” மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். “அப்பா சொல்றபடி கேளுன்னு எழுதியிருக்கான். படிக்கட்டுமா?”

“வேணாம்.”

“பொம்பளை குதிரையில ஏறிப் போறதை நானும் பதினாறு வருஷமா பார்த்துட்டு இருக்கேன், வாய் திறக்கல. நரி பிடிக்கிறேன்னு சொன்னே, சரின்னேன். இப்ப நரியும் பிடிக்கல. வெள்ளிக்கிழமை தலைவி முன்னால பேசிக்கலாம். நாலு பேருக்கு முன்னால வெச்சு அசிங்கப்படுத்தாதே.”

அவர் போய்விட்டார். பூட்ஸ் தடம் உறைபனியில் பதிந்து கிடந்தது. வலது பூட்ஸின் குதிகால் சைக்கிள் டியூபால் ஒட்டுப்போட்டது, தடத்தில் ஒரு சதுரம் விழுந்தது. மாகெனெவே அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். ஏதோ ஒன்று மனசில் இடறியது. ஆனால் அப்போது அவளுக்குக் கோபத்தில் யோசனை ஓடவில்லை.

மாதொகேலோ வேலிக்கு அந்தப் பக்கம் வறட்டி அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கேட்காதவள் போல ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு வந்தாள்.

“என்னடி, கேட்டுட்டானா கிழவன்?”

“கேட்டுட்டார்.”

“கொடுக்கப் போறியா?”

“அக்கா, என் கையை வெட்டிக் கேளுங்க, யோசிச்சுச் சொல்றேன். செலெமோவையா?”

“அப்படின்னா தலைவி முன்னால நீ மட்டும்தான் நிப்பே. எம் புருஷன் வாயைத் திறக்க மாட்டான், அவனுக்குப் பெரியப்பன் பயம். லெபோனாவைப் பாரு, நேத்து ஓடையில தலையைக் குனிஞ்சுக்கிட்டே போறான். ‘என்னடா மாப்பிள்ளை’ன்னேன், காதெல்லாம் செவந்துபோச்சு.”

“எதுக்குச் செவக்கணும்?”

“கல்யாணக் கூச்சம்னு நினைச்சேன்.” மாதொகேலோ கோஸ் தண்டைப் பார்த்தாள். “இதென்ன, யாரோ வெட்டியிருக்காங்க? எனக்குத் தெரியாம எவளுக்குக் கொடுத்தே?”

மாகெனெவே சேணத்தை எடுக்கப் போனாள்.

கணவாய்க்கு ஏறும் பாதை கருங்கல்லும் பழுப்புப் புல்லுமாகக் கிடந்தது. உச்சியில் பனி இன்னும் உருகவில்லை. செலெமோவின் நடை அந்த நாட்டுக் குதிரைகளுக்கே உள்ள நடை, ஓட்டமுமில்லை நடையுமில்லை. மேலே உட்கார்ந்திருப்பவள் கையில் கூழ்க் கிண்ணம் இருந்தால் சிந்தாது. நாய்கள் முன்னால் மோந்துகொண்டு போயின. நரி வாடை பட்டால் லெசோலே உடம்பு முழுக்க நடுங்குவான். இன்றைக்கு வாலை ஆட்டிக்கொண்டு போனான், தெரிந்தவர் வீட்டுக்குப் போவது போல.

ஆட்டுப் புழுக்கை கிடந்தது. மேயும் ஆடு அங்கேயும் இங்கேயும் போடும். இது கயிறு பிடித்தாற்போல் ஒரே கோடாக மேலே ஏறியது. கணவாய்ப் பாறையின் நிழலில் பழைய பனி கிடந்தது. அதில் ஆட்டுக் குளம்பு, பக்கத்திலேயே ரப்பர் பூட்ஸ். வலது குதிகாலில் சதுரம். பனிக்குள் பாதி புதைந்து ஒரு கோஸ் இலை.

அவள் இறங்கி அதை எடுத்தாள். நரம்பு தடித்த, ஓரம் ஊதா ஓடிய இலை. அவள் வளர்த்த இலை அவளுக்குத் தெரியாதா? அந்த மலையில் குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல்லைத் தின்னும் ஆட்டுக்குக் கோஸ் இலையைக் காட்டினால் நரகம் வரைக்கும் பின்னாலேயே வரும். அவளுடைய ஆட்டை, அவளுடைய கோஸைக் காட்டி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பொய்யைக் கூட அவர் சொந்தச் செலவில் சொல்லவில்லை.

இலையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு அவள் அந்தப் பக்கம் இறங்கினாள். கணவாய்க்குக் கீழே மாட்லாகெங் ஊர். லெபோனாவுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் ஊர்.

பெண்ணின் அம்மா வாசலில் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். குதிரையில் வந்தவள் யார் வீட்டு மருமகள் என்று தெரிந்ததும் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். உட்கார வைத்துப் புளித்த கூழ் கொடுத்தாள். நல்ல மனுஷி, ஒரு சூதும் தெரியாதவள்.

“உங்க மாமனாரைப் போல ஒரு மனுஷரைப் பார்க்க முடியாதும்மா. ஆடு அஞ்சையும் தானே கொண்டாந்தார், ஒவ்வொண்ணா. வயசான காலத்துல! ஏன் இப்படிச் சிரமப்படுறீங்க, மொத்தமா ஓட்டிட்டு வரலாமேன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். எல்லாத்தையும் ஒரே நாள்ல கொடுத்தா கண்ணு பட்டுரும்னார்.”

“கண்ணு படும்தான்” என்றாள் மாகெனெவே.

தொழுவத்தில் ஐந்தும் நின்றன. இடது காதில் இரண்டு வெட்டு, ஒரு துளை. அவள் அப்பாவின் மந்தை அடையாளம், அவருக்குப் பிறகு அவளுடையது. அவளைப் பார்த்ததும் ஒரு குட்டி கிட்டே வந்து கம்பளியை முகர்ந்தது. கோஸ் இலை வாசனை.

கல்யாணப் பெண் வெளியே வந்தாள். பதினெட்டு வயசு இருக்கும். செலெமோவின் நெற்றியைத் தடவிக்கொண்டே, “அம்மா, இதுதானா வரப்போற குதிரை? எவ்வளவு சாது!” என்றாள். செலெமோ கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மாகெனெவேக்கு அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லை.

“புதுப்பேரு என்னன்னு கூட உங்க மாமனார் முடிவு பண்ணிட்டார்” என்று அம்மாக்காரி தொடர்ந்தாள். “அந்த வீட்டுல ஒரு பேரு வச்சு, அது சும்மாவே கிடக்காம். பிள்ளை பொறக்கலையாம். நல்ல பேரு, வீணாப் போகக்கூடாது, இவளுக்கே வச்சிரலாம்னார். மாகெனெவேன்னு.”

கூழ்க் கிண்ணம் மாகெனெவேயின் கையில் அப்படியே நின்றது.

“நல்ல பேரு இல்ல? ஆமா, உங்க பேரைக் கேக்கவே இல்லையே நான்!”

“அப்புறம் சொல்றேன்மா. வெள்ளிக்கிழமை ஊருக்கே தெரியும்.”

திரும்பும்போது கணவாயில் காற்று கம்பளியைப் பிய்த்தது. அவளுக்குக் குளிரவில்லை. அவ்வளவு கோபம். ஆட்டை எடுத்தது ஒரு பக்கம், குதிரையைக் கேட்டது ஒரு பக்கம். பிறக்காத பிள்ளையின் பெயரைக் கூட உரித்து இன்னொருத்திக்குப் போர்த்தப் போகிறாராம். “என் பேரை அவர் கழட்டி யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். அவர் பேரை நான் நாக்கால தொடக்கூடாது!” என்று அவள் வாய்விட்டுக் கத்தினாள். கேட்க அங்கே நாயும் குதிரையும்தான் இருந்தன. செலெமோ காதை மட்டும் பின்னால் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை முற்பகல் தலைவி மாலெடூக்காவின் முற்றத்தில் கூட்டம். செத்துப்போன தலைவருடைய மனைவி அவள். மகன் வளரும் வரை அவள்தான் தலைவி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் கல்வட்டத்தில், பெண்கள் காலை நீட்டித் தரையில். செலெமோ வெளிவாசலில் கட்டிக் கிடந்தாள், நாய்கள் அவள் காலடியில்.

போகோஜ்வே எழுந்து அழகாகப் பேசினார். குதிரை எப்படித் தன் ரத்தம் என்பதைச் சொன்னார். மகன் கடிதத்தைக் காட்டினார். மருமகளுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுத்தேன் என்றார். “நரியைப் பிடிக்கிறாளேன்னுதான் குதிரையில ஏற விட்டேன். இந்த மாசம் மட்டும் அஞ்சு ஆடு போச்சு. அப்ப அந்தக் குதிரை எதுக்கு?”

ஆண்கள் தலையாட்டினார்கள். கல்லும் கூடத் தலையாட்டியிருக்கும், அப்படிப் பேசினார்.

தலைவி திரும்பினாள். “கெனெவே அம்மா, நீ சொல்லு. உன் ஆடு அஞ்சு போயிருக்கு. யார் கொண்டு போனது?”

மாகெனெவே எழுந்து நின்றாள். பதினாறு வருஷம் தொண்டையில் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தாள்.

“போகோஜ்வே” என்றாள்.

ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பெண்கள் பக்கம் யாரோ “ஐயோ” என்றார்கள்.

போகோஜ்வே முகம் ஒரு நொடி வெளிறியது. உடனே சிரித்துவிட்டார். “தலைவியம்மா, பார்த்தீங்களா? அவளே சொல்றா. நரிதான் கொண்டு போச்சுன்னு. பாவம், வாய் தவறி அந்தச் சொல்லு வந்திருச்சு. நான் பெரிசா எடுத்துக்கல. தண்டம் கூட வேணாம். மன்னிச்சிட்டேன்.”

“நரியைத்தான் சொன்னியா?” என்று தலைவி கேட்டாள்.

மாகெனெவே வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கம் மாதொகேலோ எழுந்துவிட்டாள். கல்வட்டத்திலிருந்து புருஷன் எட்டி அவள் கம்பளியைப் பிடித்து இழுத்தான். அவள் அதை உதறினாள்.

“தலைவியம்மா, நான் அந்த வீட்டு மருமகதான். எங்க வாயில ஊளையனுக்கு அந்தப் பேரே கிடையாது. பதினாறு வருஷமா இவ ஏழு தோல் உரிச்சிருக்கா, ஒரு தடவை கூட ஊளையன்னு தவிர வேற சொன்னதில்ல. ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. ஊளையன் கொண்டு போயிருந்தா ஊளையன்னு சொல்லியிருப்பா. அவ வாயில அந்தப் பேரு வந்தா அது ஒரே ஒரு ஆளுதான்.”

இதை மறுக்க முடியாது. அவர்கள் போட்ட சட்டம்தான். அவள் அதை ஒரு நாளும் மீறாததுதான் இப்போது சாட்சி.

“என்னடி உளர்றே?” என்று போகோஜ்வே கத்தினார்.

மாகெனெவே கம்பளிக்குள்ளிருந்து கோஸ் இலையை எடுத்துத் தலைவி மடியில் வைத்தாள். சீவிய தண்டையும் வைத்தாள். “மாட்லாகெங்ல பொண்ணு வீட்டுத் தொழுவத்துல அஞ்சும் நிக்குது. இடது காதுல ரெண்டு வெட்டு, ஒரு துளை. ஆளனுப்பிப் பாருங்க. அதுக்கு முந்தி மாமாவோட வலது பூட்ஸைத் திருப்பிப் பாருங்க. கணவாய்ப் பனியில அந்தச் சதுரம் இன்னும் கிடக்கு.”

தலைவி போகோஜ்வேயைப் பார்க்கவில்லை. லெபோனாவைப் பார்த்தாள். “டேய், ஆளனுப்பணுமா?”

லெபோனாவின் காது சிவந்தது. கழுத்தும் சிவந்தது. “வேணாம்மா” என்றான்.

கூட்டம் இரைந்தது. தலைவி கையைத் தூக்கி அடக்கினாள். அவளும் ஒரு வீட்டு மருமகள். செத்துப்போன மாமனாரின் பெயரை இன்றைக்கும் சொல்லாதவள். மடியிலிருந்த கோஸ் இலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“குதிரை அவளோடது. அவங்க அப்பா கயிறைக் கொடுத்தப்ப நானும் அங்க இருந்தேன். அஞ்சு ஆடும் அவகிட்ட திரும்பணும்.” நிறுத்திவிட்டு மாகெனெவேயைப் பார்த்தாள். “ஆனா மாமனார் பேரைச் சொன்னது சொன்னதுதான். அதை என்னால விட முடியாது. ஒரு ஆடு தண்டம்.”

போகோஜ்வே கொஞ்சம் நிமிர்ந்தார். அந்த ஒரு ஆடாவது மிஞ்சியதே என்பது போல.

“ஒரு பேருக்கு ஒரு ஆடு, அப்படித்தானே தலைவியம்மா?”

“ஆமா.”

“அப்ப ஆடு எதுவும் திரும்ப வேணாம். அஞ்சும் அந்தப் பொண்ணு வீட்டுலயே இருக்கட்டும், அது பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. அவ கல்யாணம் நிக்க வேணாம். என் தண்டத்தை மாமா முன்னாலேயே எடுத்துக்கிட்டார்.” அவள் விரலை மடக்கினாள். “அஞ்சு எடுத்திருக்கார். நான் ஒரு தடவைதான் சொல்லியிருக்கேன். எனக்கு இன்னும் நாலு இருக்கு.”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது மாதொகேலோவுக்கு. கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“மருமகளே, வேணாம்” என்றார் மாமனார்.

“போகோஜ்வே” என்றாள் அவள், தொண்டையைத் தொட்டுக் காட்டி. “முதல் வருஷம் ரெண்டு குட்டி போனப்ப இந்தச் சொல்லு இங்கதான் நின்னுச்சு மாமா. வாயில்லையான்னு கேட்டீங்களே.”

“தலைவியம்மா, நிறுத்தச் சொல்லுங்க!”

“தண்டத்தைத்தான் முன்னாலேயே கட்டிட்டாளே” என்றாள் தலைவி. அவள் முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மாகெனெவே வாசலுக்கு நடந்தாள். கட்டை அவிழ்த்துச் செலெமோ மேல் ஏறினாள். மேலேயிருந்து பார்த்தபோது மாமனாரின் கூம்புத் தொப்பி உச்சிதான் தெரிந்தது.

“போகோஜ்வே! அந்தப் பொண்ணுக்கு வேற பேரு தேடி வைங்க. என் பேரு சும்மா கிடக்கல, நான் போட்டுக்கிட்டு இருக்கேன். போகோஜ்வே! என் தோட்டத்துல இனிமே கத்தியோட உங்களைப் பார்த்தா நாயை அவுத்து விட்டுருவேன்.”

நாலு தடவை ஆகிவிட்டது என்று ஒரு கிழவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். இன்னும் ஒன்று பாக்கி. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். போகோஜ்வே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார், அடி விழப்போகிறவர் போல.

“அது கையில இருக்கட்டும் மாமா” என்றாள் மாகெனெவே. “எப்ப வேணுமோ அப்ப சொல்லிக்கிறேன்.”

குதிரையைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளும் மாதொகேலோவும் தோட்டத்துக் கல்சுவரில் உட்கார்ந்து களியும் கோஸும் தின்றுகொண்டிருந்தார்கள். கீழே மாமனார் வீட்டில் கதவு சாத்திக் கிடந்தது. கடைசி வெயில் அடிவாரத்தை விட்டு மலையுச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது பாறைப் பக்கமிருந்து நீளமாக ஒரு ஊளை கேட்டது. லெசோலே எழுந்தான், உடம்பு முழுக்க நடுங்கியது.

மாதொகேலோ முழங்கையால் இடித்தாள். “நிஜமாவே வந்துட்டான். அந்த அஞ்சாவதை இப்ப சொல்லிடேன். மனசு ஆறும்.”

மாகெனெவே கையைக் கம்பளியில் துடைத்துவிட்டுத் தடியை எடுத்தாள்.

“இதுக்கா? இது ஊளையன் அக்கா. பசிக்கு வருது. இதுக்குப் போய் அந்தப் பேரை வைப்பாங்களா?”